14 மைல் உப்புப் பாதை: ஜெனசீ அண்ட் வயோமிங் ரயில்வே, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ரெட்சாஃப் என்ற ஊரின் உப்புச் சுரங்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்த 14 மைல் (சுமார் 22 கிலோமீட்டர்) சரக்கு ரயில் பாதை, நூறு ஆண்டுகளுக்குள் வெளிநாடுகளிலும் ரயில் ஓட்டும் நிறுவனமாக வளர்ந்தது. இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ரயில் பைத்தியம் இல்லாதவர்களும் படிக்கலாம். பாதிக் கதை உப்பைப் பற்றியதுதான்.

ஷார்ட் லைன் என்றால் என்ன?

அமெரிக்காவில் ரயில் பாதைகள் பெரும்பாலும் தனியார் சொத்து. தண்டவாளம், பாலம், இஞ்ஜின் எல்லாம் கம்பெனியுடையவை. வருமானத்தைப் பொறுத்து அவற்றை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பில் இப்போது ஆறே ஆறு பெரிய கம்பெனிகள்தான்: பிஎன்எஸ்எஃப், யூனியன் பசிஃபிக், நார்ஃபோக் சதர்ன், சிஎஸ்எக்ஸ், கனடாவைச் சேர்ந்த இரண்டு. அவற்றுக்குக் கீழே சுமார் 600 சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன. பேச்சு வழக்கில் இவைதான் ஷார்ட் லைன்கள். சிலவற்றின் பாதை ஒரு ஆலை வாசலிலிருந்து அடுத்த ஜங்ஷன் வரை மட்டுமே நீளும்.

பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கான மைல் தூரத்துக்குக் கூட்ஸ் வண்டியை இழுத்துப் போகும். கடைசி பத்து மைலுக்கு நாலு வேகனைக் கழற்றி, ஒரு தானியக் கிடங்கின் சைடிங்கில் (ஆலை, கிடங்குக்குள் போகும் கிளைத் தண்டவாளத்தில்) தள்ளிவிட்டு வரும் ஷண்டிங் வேலைதான் ஷார்ட் லைனுக்கு. கூலி பெரும்பாலும் வேகன் கணக்கில் வரும். ஒரு வேகனுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள்.

இந்தியாவில் இதற்குச் சரியான இணை கிடையாது. இங்கே ஆலைகளுக்குத் தனியார் சைடிங் உண்டு, ஆனால் வண்டி ஓட்டுவது இந்திய ரயில்வே.

வயோமிங் என்பது மேற்கே இருக்கும் அந்த மாநிலமா?

இல்லை. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஜெனசீ, வயோமிங் என்று இரண்டு மாவட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜெனசீ என்பது அங்கே ஓடும் ஆற்றின் பெயரும்கூட. அந்த மண்ணின் பூர்வகுடியான செனகா மக்களின் மொழியில் அழகிய பள்ளத்தாக்கு என்று பொருள் சொல்வார்கள்.

ரெட்சாஃப் என்று ஒரு ஊர்ப் பெயர் வருகிறதே, அது எந்த மொழி?

எந்த மொழியும் இல்லை! சுரங்கக் கம்பெனியின் தலைவர் பெயர் வில்லியம் ஃபாஸ்டர். ஃபாஸ்டர் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் எழுதினால் ரெட்சாஃப் என்று வரும். சுரங்கத்துக்கும் ஊருக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. தன் பெயரை ஊருக்கு வைக்க ஆசை, நேரடியாக வைக்கக் கூச்சம் போலிருக்கிறது.

1885இல் திறந்த இந்தச் சுரங்கம் தரைக்கு அடியில் 300 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருந்தது. உப்பளத்தில் கடல் நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பையே பார்த்துப் பழகிய நமக்கு, உப்பைப் பாறையாக வெட்டி எடுப்பது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். உள்ளே அறை அறையாக வெட்டிக்கொண்டு போவார்கள். கூரை இடியாமல் இருக்க இடையிடையே உப்பையே தூணாக விட்டுவைப்பார்கள். நூறு ஆண்டில் இப்படி வெட்டிய பரப்பு சுமார் 10 சதுர மைல். வட அமெரிக்காவின் மிகப் பெரிய உப்புச் சுரங்கமாக இருந்தது.

இந்தத் தூண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ரயில் எப்படி வந்தது?

முதலில் ஜெனசீ அண்ட் வயோமிங் வேலி ரயில்வே என்று ஒரு கம்பெனி பாதையைப் போட்டு நொடித்துப் போனது. 1899இல் எட்வர்டு ஃபுல்லர் என்பவர் அதை வாங்கி, பெயரிலிருந்து வேலி என்ற சொல்லை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். ஃபுல்லர் உப்பு வியாபாரி. ரயில் நடத்திப் பெரிய ஆளாக வேண்டும் என்று அவர் வாங்கவில்லை. உப்பு வெளியே போக வழி வேண்டும், அந்த வழி தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் குட்டிப் பாதை அமைந்த இடம் நல்ல இடம். சுற்றிலும் லிஹை வேலி, லாக்கவன்னா, ஈரி என்று பல பெரிய கம்பெனிகளின் பாதைகள் ஓடின. எவன் குறைந்த கட்டணம் கேட்கிறானோ அவனிடம் வேகனை ஒப்படைக்கலாம். ஒரே ஒரு பெரிய கம்பெனியோடு மட்டும் இணைந்திருக்கும் ஷார்ட் லைன், அந்தக் கம்பெனி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். பாதை நீளமா குட்டையா என்பதைவிட அது எத்தனை பேரோடு இணைகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் பலம்.

அவ்வளவு உப்பை யார் சாப்பிட்டார்கள்?

சாலைகள் சாப்பிட்டன. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனியை இளக்க உப்பைத் தூவுவார்கள். உப்பு கலந்த நீர் உறைய இன்னும் அதிகக் குளிர் தேவைப்படும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ்கட்டியோடு கல் உப்பைப் போட்டுக் குலுக்குவாரே, அதே சூத்திரம்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கார்களும் நெடுஞ்சாலைகளும் பெருகப் பெருக, சாலை உப்பின் தேவையும் கூடிக்கொண்டே போனது. ஒரு விதத்தில் இது முரண். சாலைப் போக்குவரத்து ரயில்களின் சரக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சாலைகளுக்கு வேண்டிய உப்பைச் சுமந்தே இந்த ரயில் பிழைத்தது. கஷ்டமும் உண்டு. வானம் மனது வைத்தால்தான் வியாபாரம். குளிர் குறைந்த ஆண்டில் உப்பு கிடங்கிலேயே குவிந்து கிடக்கும்.

1977இல் என்ன நடந்தது? எல்லோரும் அந்த ஆண்டைச் சொல்கிறார்களே?

நிறுவனரின் கொள்ளுப்பேரன் மார்ட்டிமர் ஃபுல்லர் அந்த ஆண்டில் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கிப் பொறுப்பேற்றார். அவர் கையில் வந்தது 14 மைல் தண்டவாளம், ஏறக்குறைய ஒரே ஒரு வாடிக்கையாளர்.

அந்த நேரத்தில் வடகிழக்கு அமெரிக்காவில் ரயில் தொழில் இருந்த நிலையைப் பார்த்தால், எதற்கு இந்த வேலை என்றுதான் கேட்டிருப்போம். 1970இல் பென் சென்ட்ரல் திவாலானது. அது அன்றுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய கம்பெனித் திவால். லிஹை வேலியும், ஒன்றாக இணைந்திருந்த ஈரி லாக்கவன்னாவும் அடுத்தடுத்து விழுந்தன. 1976இல் அரசு தலையிட்டு எல்லாவற்றையும் அள்ளி கான்ரெயில் என்ற ஒரே கம்பெனியாக்கியது. அதாவது, ஜெனசீ அண்ட் வயோமிங் பேரம் பேசிக்கொண்டிருந்த அண்டை வீட்டார்களில் பலர் ஒரே குடும்பமாகிவிட்டார்கள். பேரம் பேச ஆள் குறைந்துபோனது.

ஒரே சுரங்கம், ஒரே வாடிக்கையாளர், சுற்றிலும் சுருங்கிப்போன வெளி. இதிலிருந்து வெளியே வர வேண்டும் என்றால் வேறு பாதைகளை வாங்க வேண்டும். ஃபுல்லர் அந்த முடிவுக்குத்தான் வந்தார். அவரைப் பெரிய தீர்க்கதரிசியாக வரைபவர்கள் உண்டு. என் கணிப்பில் அது பயத்தில் பிறந்த புத்தி. அதில் தவறொன்றும் இல்லை.

ஸ்டேகர்ஸ் சட்டம் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. அதற்கு முன்பு சரக்குக் கட்டணத்தை ஏற்றவோ இறக்கவோ, நட்டத்தில் ஓடும் கிளைப் பாதையை மூடவோ, மத்திய அரசின் வணிக ஆணையத்தின் வாசலில் நிற்க வேண்டும். மூடுவதற்கு அனுமதி கிடைக்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதுவரை நட்டத்தைச் சுமக்க வேண்டியதுதான். பழுது பார்க்கப் பணமும் வராது. தண்டவாளம் துருப்பிடித்து, வண்டி நடை வேகத்தில் ஊர்ந்த இடங்கள் ஏராளம்.

1980இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட ஸ்டேகர்ஸ் சட்டம் இந்தப் பிடியைத் தளர்த்தியது. வாடிக்கையாளரோடு நேரடியாக ஒப்பந்தம் போடலாம், வேண்டாத பாதையை விற்கலாம் என்றானது. பெரிய கம்பெனிகள் கிளைப் பாதைகளைக் கழற்றிவிடத் தொடங்கின. அவர்களுக்குச் சுமையாக இருந்த பாதை, குறைந்த செலவில் ஓட்டத் தெரிந்தவனுக்குச் சோறு போட்டது. ஷார்ட் லைன்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு மளமளவென ஏறியது.

ஜெனசீ அண்ட் வயோமிங் எவற்றை வாங்கியது?

முதலில் பக்கத்து வீட்டிலேயே தொடங்கினார்கள். 1985இல் டான்ஸ்வில் அண்ட் மவுண்ட் மோரிஸ் என்ற மிகச் சிறிய பாதை. அடுத்த ஆண்டு ரோச்செஸ்டர் நகரிலிருந்து தெற்கே போகும் பாதையை வாங்கி, ரோச்செஸ்டர் அண்ட் சதர்ன் என்று பெயர் வைத்தார்கள். 1987இல் திடீரென்று தெற்கே தாவி, லூசியானாவின் கரும்பு விளையும் பகுதியில் லூசியானா அண்ட் டெல்டா. 1988இல் பஃபலோ அண்ட் பிட்ஸ்பர்க். அதுவரை வாங்கியவற்றில் பெரியது அதுதான். 1990களில் மேற்குக் கரையில் ஆரிகன் மாநிலத்துக்கும் போய்விட்டார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். ஒவ்வொரு பாதைக்கும் தனிப் பெயர், உள்ளூரில் தனி மேலாளர். ஆலை முதலாளிக்கு வேகன் வரவில்லை என்றால் எங்கோ தலைமை அலுவலகத்துக்கு மனு போட வேண்டியதில்லை, பக்கத்துத் தெருவில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். பின்னாளில் எல்லா இஞ்ஜின்களுக்கும் ஆரஞ்சு, கறுப்பு வண்ணம் அடித்தபோதும் பெயர்களை அப்படியே விட்டுவைத்தார்கள்.

செலவைக் குறைத்தார்கள் என்றால், தொழிலாளர் வயிற்றில் அடித்தார்கள் என்று அர்த்தமா?

நேர்மையான பதில்: ஓரளவு ஆம். பெரிய கம்பெனிகளில் ஒரு சரக்கு வண்டிக்கு நாலைந்து பேர் வரை வேலை செய்த காலம் அது. எந்த வேலையை யார் செய்யலாம் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். ஷார்ட் லைனில் இரண்டு பேர் போதும். இஞ்ஜின் ஓட்டியவரே இறங்கி வேகனை மாட்டுவார், வேலை இல்லாத நாளில் தண்டவாளக் கட்டையையும் மாற்றுவார்.

வழக்கமாக ஒரு ரயில் கம்பெனி இன்னொன்றோடு சேரும்போது வேலை இழப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இழப்பீடு தர வேண்டும். 1980களின் நடுவில் மத்திய அரசின் அந்த வணிக ஆணையம், புதிதாகத் தொடங்கும் கம்பெனி பாதையை வாங்கினால் இந்தச் சுமை வேண்டியதில்லை என்று எளிய வழி ஒன்றைத் திறந்துவிட்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989இல் பிட்ஸ்பர்க் அண்ட் லேக் ஈரி ரயில்வே வழக்கில், சங்கத்தோடு பேசி முடிக்கும்வரை விற்பனையைத் தள்ளிவைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தீர்ப்பு வந்தது.

ஷார்ட் லைன்களைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுவார்கள். பாதை மூடியிருந்தால் அத்தனை வேலையும் போயிருக்கும் என்ற வாதம் உண்மைதான். பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் குறைந்த சம்பளத்துக்குப் புதுக் கம்பெனியில் விண்ணப்பம் போட வேண்டியிருந்ததும் உண்மைதான்.

சுரங்கம் இடிந்தது எப்போது?

1994 மார்ச் 12, விடியற்காலை. நிலநடுக்க மானிகள் 3.6 அளவில் ஒரு அதிர்வைப் பதிவு செய்தன. முதலில் அது பூகம்பம் என்றே நினைத்தார்கள். உண்மையில் ரெட்சாஃப் சுரங்கத்தின் ஒரு பகுதியில் கூரை இறங்கியிருந்தது. தூண்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அந்தப் பகுதியில் வழக்கமான பெரிய தூண்களுக்குப் பதிலாகச் சிறிய தூண்களை விட்டு வெட்டும் முறையைக் கையாண்டிருந்தார்கள்.

கூரை விரிசல் வழியாக மேலே இருந்த நிலத்தடி நீர் உள்ளே பாயத் தொடங்கியது. உப்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும்? விரிசல் கரைந்து பெரிதாகிக்கொண்டே போனது. எவ்வளவு பம்ப் வைத்தும் சமாளிக்க முடியவில்லை. சில வாரங்களில் பக்கத்து அறையும் இடிந்தது. மேலே கைலர்வில் என்ற சிற்றூருக்கு அருகே நிலம் இரண்டு இடங்களில் பெரிய பள்ளமாக உள்வாங்கியது. நெடுஞ்சாலைப் பாலம் சேதமானது, சுற்று வட்டாரத்தில் கிணறுகள் வற்றின. உயிரிழப்பு ஏதும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். இரண்டு ஆண்டுக்குள் சுரங்கம் முழுவதும் நீரில் மூழ்கியது. அப்போது அதன் உரிமையாளராக இருந்த அக்ஸோ நோபல் நிறுவனம் அதைக் கைவிட்டது.

நூறு ஆண்டுக்கும் மேல் உப்பு தந்த இடம். 1977இல் ஃபுல்லர் கைக்கு வந்த கம்பெனி அதே 14 மைலோடு நின்றிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் லூசியானா, பென்சில்வேனியா, ஆரிகன் என்று வருமானம் பல இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பிறந்த வீடு இடிந்த இரண்டே ஆண்டில், 1996இல், கம்பெனி பங்குச் சந்தையில் நுழைந்தது.

வெளிநாட்டிலும் ஓட்டினார்களாமே?

ஆமாம். 1997இல் ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் சரக்கு ரயில்களை அந்நாட்டு அரசிடமிருந்து வாங்கினார்கள். தானியமும் ஜிப்சமும் முக்கியமான சரக்கு. ஆஸ்திரேலியக் கதைக்கே தனியாக ஒரு பக்கம் வேண்டும். கூட்டு சேர்ந்தது, விற்றது, மறுபடி வாங்கியது என்று நீளும். 2010இல் டார்வின் வரை போகும் நெடும்பாதையை வாங்கியதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். 2015இல் பிரிட்டனின் ஃப்ரைட்லைனர் நிறுவனமும் கைக்கு வந்தது.

மெக்சிகோவில் அடி விழுந்தது. 1999இல் அந்நாட்டின் தென்கோடியில் சியாபாஸ் மாயாப் என்ற பாதையை எடுத்து நடத்தினார்கள். 2005 அக்டோபரில் வந்த ஸ்டான் புயல் ஏராளமான பாலங்களை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டுவதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பது தீரவே இல்லை. 2007இல் கையைக் கழுவிவிட்டு வெளியேறினார்கள். அதே 2007இல்தான் ஃபுல்லர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை ஜான் ஹெல்மனிடம் ஒப்படைத்தார்.

ரெயில்அமெரிக்கா விவகாரம் என்ன?

போட்டிக் கம்பெனியை அப்படியே விழுங்கிய கதை. 2012இல் 139 கோடி டாலர் கொடுத்து, 45 ஷார்ட் லைன்களை வைத்திருந்த ரெயில்அமெரிக்காவை வாங்கினார்கள். ஒரே கொள்முதலில் ஜெனசீ அண்ட் வயோமிங்கின் பாதைகள் நூறைத் தாண்டிவிட்டன.

இப்போது யாருடையது?

2019 டிசம்பர் முடிவில் கனடாவின் புரூக்ஃபீல்டு நிறுவனமும் சிங்கப்பூர் அரசின் ஜிஐசி முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து வாங்கின. கடன் உட்பட மதிப்பு சுமார் 840 கோடி டாலர். பங்குச் சந்தையிலிருந்து கம்பெனி விலகியது. சிங்கப்பூரில் இருந்து இதைப் படிப்பவர்களே, உங்கள் நாட்டின் கையிருப்பில் ஒரு சிறு துளி அமெரிக்க மரக்கட்டை வேகன்களுக்குப் பின்னால் உருண்டுகொண்டிருக்கிறது.

லாபம் வருகிறது என்றால் ஷார்ட் லைன்களுக்கு அரசு ஏன் வரிச் சலுகை தருகிறது?

பெரிய பெரிய வேகன்கள்தான் காரணம். முன்பு சரக்கோடு சேர்த்து ஒரு வேகனின் எடை 2,63,000 பவுண்டு என்பது வழக்கமான வரம்பு. பெரிய கம்பெனிகள் அதை 2,86,000 பவுண்டாக, அதாவது சுமார் 130 டன்னாக உயர்த்திக்கொண்டன. அவர்களுடைய முதன்மைப் பாதை தாங்கும். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து கை மாறிய கிளைப் பாதையும், அதன் பழைய பாலமும் தாங்குமா? தாங்காவிட்டால் அந்த வேகன் ஆலை வாசலுக்கு வராது. வேகன் வராவிட்டால் ஆலை லாரிக்கு மாறிவிடும்.

பாதையைப் பலப்படுத்தச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் வரியில் கழித்துக்கொள்ளலாம், மைலுக்கு உச்சவரம்பு 3,500 டாலர் என்று 2005 முதல் ஒரு சலுகை நடைமுறைக்கு வந்தது. அடிக்கடி காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டுவந்த அதை 2020 இறுதியில் நிரந்தரமாக்கினார்கள், 2023 முதல் 40 சென்ட் என்ற கணக்கில். ஒற்றைப் பாதையை வைத்துக்கொண்டு திணறும் ஊர்க் கம்பெனிக்கு இது பெரிய துணை. நூறு பாதை வைத்திருப்பவருக்கும் அதே சலுகைதான் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

அந்த முதல் 14 மைல் பாதை இன்னும் இருக்கிறதா?

தனிக் கம்பெனியாக இல்லை. 2003இல் அதை ரோச்செஸ்டர் அண்ட் சதர்னோடு சேர்த்துவிட்டார்கள். மகன் தகப்பனைத் தத்தெடுத்துக்கொண்ட மாதிரி.

உப்பு மட்டும் நிற்கவில்லை. ரெட்சாஃப் மூழ்கிய பிறகு, 1990களின் இறுதியில் அமெரிக்கன் ராக் சால்ட் என்ற புதிய கம்பெனி, பழைய சுரங்கத்துக்குச் சற்றுத் தெற்கே மவுண்ட் மோரிஸ் ஊருக்குப் பக்கத்தில் வேறொரு சுரங்கத்தைத் தோண்டியது. அங்கிருந்து சாலை உப்பை ஏற்றிக்கொண்டு போவது அதே ரோச்செஸ்டர் அண்ட் சதர்ன் வண்டிதான்.